தேர் கிளம்பும் ஊரில் பள்ளிக்கூடம் உண்டு

தைப்பூசத்தை ஒட்டி, கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளித்தேர் கிளம்பும். ஜாலான் ஈப்போ வழியாகப் பத்துமலைக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இரவு முழுக்க நடந்து, தைப்பூசத்துக்கு முதல் நாள்தான் தேர் மலையடிக்கு வந்து சேரும். பூசம் முடிந்த மறுநாள் திரும்பும். இந்தப் பாதையில் ஓர் எல்லைக்கோடு குறுக்கிடுகிறது. தேரோடு நடக்கிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் கூட்டரசுப் பிரதேசம், அந்தப் பக்கம் சிலாங்கூர். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டபோது வந்த கோடு அது.

2008க்கு முன்னால் இந்தக் கோட்டுக்கு ஒரு விசேஷ அர்த்தம் இருந்தது. சிலாங்கூரில் தைப்பூசம் பொது விடுமுறை. கோலாலம்பூரில் இல்லை. அதாவது தேர் போய்ச் சேரும் ஊரில் பள்ளிக்கூடம் லீவு, தேர் கிளம்பும் ஊரில் பள்ளிக்கூடம் உண்டு. 1890களின் தொடக்கத்தில் பத்துமலைக் குகையில் முருகனுக்கு இடம் அமைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. அங்கே தைப்பூசம் 1892 முதல் நடப்பதாகச் சொல்வார்கள். அவர் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. அது கோலாலம்பூரில் இருக்கிறது! அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், பிரிக்ஃபீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் சட்டப்படி தைப்பூசம் ஒரு சாதாரண நாள். பள்ளிக்கென ஒதுக்கப்படும் 'சூத்தி பெரிஸ்திவா' நாளைத் தலைமையாசிரியர் அன்றைக்கு எடுத்து வைத்தால் உண்டு. தேசியப் பள்ளியில், இடைநிலைப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பும் குறைவு. அப்பா ஒரு கடிதம் எழுத வேண்டும், அல்லது கிளினிக்கில் எம்சி வாங்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது பொந்தேங்.

பொந்தேங் என்ற மலாய்ச் சொல் நமக்குத் தமிழ்ச்சொல் மாதிரியே ஆகிவிட்டது. பள்ளிக்குச் சொல்லாமல் மட்டம் போடுவது. தப்பு செய்தவன் மாணவன் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுத்தது யார் என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், நம்முடைய வரலாற்றில் விடை வேறு மாதிரி வருகிறது.

பள்ளி வந்தது, கட்டாயம் வரவில்லை

மலாயாவில் தமிழ் வகுப்பு என்று முதலில் தொடங்கியது 1816ல், பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில். ஆனால் தமிழ்ப்பள்ளி என்றால் நம் நினைவில் வருவது தோட்டப்பள்ளிதான். அதைக் கொண்டுவந்தது கல்விச் சட்டம் இல்லை, தொழிலாளர் சட்டம். 1912ல் தொடங்கி 1923ல் உறுதிப்பட்ட தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும். லயத்துக்குக் கூரை, குடிக்கத் தண்ணீர், ஆஸ்பத்திரி, அந்த வரிசையில் பள்ளியும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் குடும்பத்தோடு கூட்டிவந்து தோட்டத்திலேயே தங்க வைப்பதற்கான ஏற்பாடுகளில் பள்ளியும் சேர்ந்திருந்தது.

இந்தச் சட்டத்தைக் கவனமாகப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். பள்ளி வைக்க வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு இருந்தது. பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. கொட்டகை ஒன்று போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணியையோ வாத்தியாராக உட்கார வைத்தால் சட்டத்துக்குப் பதில் சொல்லியாயிற்று. பல இடங்களில் நான்காம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். அதற்குள் பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயது. கைக்கு வேலை தயாராக இருக்கும்.

தோட்டக் கூலிப் பட்டியலில் ஆண், பெண் என்பதோடு பிள்ளைகளுக்கும் தனிக் கூலி இருந்தது என்பதை நாம் சாதாரணமாகக் கடந்து போய்விடுகிறோம். தினக்கூலிக்கு விலை வைக்கும்போதே பிள்ளையின் பகல் பொழுதுக்கும் விலை வைத்தாகிவிட்டது. கூலிக் கணக்கில் வராத வேலை இன்னும் அதிகம். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் அம்மா அப்பாவோடு போய் மங்கு துடைக்க வேண்டும், ஒட்டுப்பால் பொறுக்க வேண்டும், பால் வாளி தூக்க வேண்டும், வீட்டில் இருக்கும் சின்னதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் நிரையில் பால் அதிகம் வந்தால் குடும்பத்துக்குக் காசு. நிர்வாகத்துக்கும் லாபம். யாரும் அதைப் 'பிள்ளை வேலை' என்று சொல்லவில்லை. 'கூடமாட ஒத்தாசை' என்றார்கள். 1966ல் வந்த சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம்கூட குடும்பத் தொழிலில் பிள்ளை செய்யும் இலகுவான வேலைக்கு இடம் விட்டுத்தான் எழுதப்பட்டது.

இப்படிப் பள்ளிக்கு வராமல் போன பிள்ளைக்கு யாரும் விடுப்புக் கடிதம் கேட்கவில்லை. தோட்டம் பிள்ளையை எடுத்துக்கொண்டபோது அது பொந்தேங் ஆகவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு வெற்றுக் கட்டம், அவ்வளவுதான்.

கிள்ளான், 1941

இதைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள், படிப்பின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை என்ற பேச்சு நம்மிடையே இன்றும் உண்டு. மேடைப் பேச்சுகளில் சுலபமாகக் கைதட்டு வாங்கும் வாக்கியம் அது. கிள்ளான் வேலைநிறுத்தம் அதை மறுக்கிறது.

1941ன் முதல் பாதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் கோரிக்கைகளைத் தொகுத்தது. சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பெண்களிடம் அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைக்கு முன்னால் சைக்கிளில் இறங்காமல் போகும் உரிமை என்று நீளும் அந்தப் பட்டியலில், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்று. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை இருக்கக்கூடாது என்பது இன்னொன்று.

இந்த இரண்டு கோரிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், குடும்பத்துக்குப் போக்குவரத்துச் சுதந்திரமும் வேண்டும். தோட்டத்துக்கு வெளியே இருக்கிற மாமன் வீட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதற்குக்கூட நிர்வாகத்தின் கண்ணசைவு தேவைப்பட்ட வாழ்க்கை அது. நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். கிளர்ச்சி பெரிதானபோது படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். படிப்பின் அருமை தெரியாதவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கப்பல் லீவும் லாரி லீவும்

அந்தக் காலத்துக் குடும்பத்துக்கு 'விடுமுறைப் பயணம்' என்று தனியாக ஒன்று கிடையாது. இரண்டு பயணங்கள் இருந்தன.

ஒன்று, ஊருக்குப் போவது. பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹம் என்று அன்று அழைக்கப்பட்ட கிள்ளான் துறைமுகத்திலோ கப்பல் ஏறினால் நாகப்பட்டினம், மெட்ராஸ். 1926ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலின் பெயர் தெரியாத பழைய குடும்பம் இங்கே இருக்காது. 1970களில் அதன் இடத்துக்குச் சிதம்பரம் வந்தது. 1985ல் சிதம்பரத்தில் ஏற்பட்ட தீ விபத்தோடு அந்தக் கப்பல் வழி முடிந்தது. கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு வாரம். அப்படிப் போகிறவர்கள் பத்து நாளில் திரும்பி வர மாட்டார்கள். மாதக்கணக்கில் தங்கி, காது குத்து, கல்யாணம், நிலத் தகராறு எல்லாம் முடித்துவிட்டுத்தான் வருவார்கள். கூடப் போன பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு வருஷம் போய்விடும். சிலர் திரும்பியே வரவில்லை. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது இன்னொரு அலை. அந்தப் பிள்ளைகளையும் பள்ளியிலிருந்து 'குடும்பம் கூட்டிப் போனது' என்றுதான் பதிவேடு சொல்லும். கூட்டிப் போக வைத்தது எது என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இன்னொன்று, பத்துமலை. சிலாங்கூர்த் தோட்டக் குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரே வெளியூர்ப் பயணம் பெரும்பாலும் தைப்பூசம்தான். தோட்ட லாரியில் பாய், பாத்திரம், கட்டுச்சோறு, காவடி, பிள்ளைகள் எல்லாம் ஏறும். ஆற்றில் குளியல், மொட்டை, காதுகுத்து, படியேறுதல். இன்றைக்கு 272 என்று எண்ணிச் சொல்லும் படிகளில் கான்கிரீட் வருவதற்கு முன்னால் மரப்படிதான். பிறகு கடைத்தெரு, பலூன், வளையல். இரவு மலையடியிலேயே படுக்கை. பக்தி, உறவு, பொழுதுபோக்கு என்று நாம் இன்று தனித்தனியாகப் பிரிக்கிற எல்லாம் அந்த ஒரே பயணத்தில் இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் லங்காவி, அதுதான் கேமரன் மலை. லாரி கிடைப்பது மட்டும் துரை மனசு வைத்தால்தான்.

ஒரு நாள் எப்படி விடுமுறை ஆகிறது

சுதந்திரத்துக்குப் பிறகு தோட்டப்பள்ளிகள் தேசியக் கல்வி அமைப்புக்குள் வந்தன. 1957ல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டத்தின் நாட்காட்டி போய் அமைச்சின் நாட்காட்டி வந்தது. ஆனால் எந்த நாள் லீவு என்பது இன்னமும் நம் கையில் இல்லாத முடிவாகவே இருந்தது.

கோலாலம்பூருக்குத் தைப்பூச விடுமுறை எப்போது கிடைத்தது என்று பாருங்கள். 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணி. அன்று விடியற்காலை பத்துமலைக் கோவில் வளாகத்துக்குள் இருந்தவர்கள்மேல் கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2008 ஜனவரியில், தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு, பிரதமர் அப்துல்லா அகமது படாவி கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக அறிவித்தார். மார்ச் 8ல் பொதுத்தேர்தல். நூறு வருஷத்துக்கு மேலாகத் தேர் போய்க்கொண்டிருந்த ஊரில், 34 வருஷமாக அந்த எல்லைக்கோடு இருந்த ஊரில், முடிவெடுக்கத் தேவைப்பட்ட காலம் இரண்டு மாதம்.

கிடைத்தது நிலையானதுதானா என்ற சந்தேகம் வேண்டுமானால் கெடாவைப் பார்க்கலாம். அங்கே தைப்பூசம் ஆண்டுதோறும் சிறப்பு விடுமுறையாக அறிவிக்கப்பட்டு வந்தது. 2021ல் மந்திரி பெசார் முகமது சனுசி, நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி அதை அறிவிக்கவில்லை. நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த வருஷத்தில் லீவு எதற்கு என்று கேட்கலாம். ஆனால் வருஷா வருஷம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று உரிமையாகாது என்பதுதான் அன்று எழுந்த கோபத்தின் அர்த்தம்.

இங்கிலாந்தின் ஒரு வழக்கு

நம்முடைய பள்ளி முறையின் பாட்டன் இங்கிலாந்து என்பதால், அங்கே இந்த விஷயம் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது உதவும். 2015 ஏப்ரலில் ஜான் பிளாட் என்ற தந்தை தலைமையாசிரியர் அனுமதி மறுத்த பிறகும் மகளை ஏழு பள்ளி நாட்கள் ஃபுளோரிடாவுக்குக் கூட்டிப் போனார். 60 பவுண்டு அபராதம் போட்டார்கள், கட்ட மறுத்தார். சட்டம் பிள்ளை 'ஒழுங்காக' வர வேண்டும் என்கிறது, என் மகளின் வருகை 90 சதவீதத்துக்கு மேல், அது ஒழுங்குதானே என்பது அவர் வாதம். கீழ் நீதிமன்றங்கள் ஏற்றன. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்காக என்றால் பள்ளியின் விதிப்படி என்று அர்த்தம், ஒரு நாள் தவறினாலும் தவறியதுதான் என்றது.

இதைக் கடுமை என்று சொல்லலாம். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு வரி 1944லிருந்து இருக்கிறது. பெற்றோர் சார்ந்த சமயம் வழிபாட்டுக்கென்று ஒதுக்கிய நாளில் பிள்ளை வராதிருந்தால் அது குற்றமில்லை. லண்டனில் இருக்கும் தமிழ்க் குடும்பம் தைப்பூசத்துக்கு அந்தப் பிரிவைக் காட்டிப் பேசலாம். 2008க்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் குடும்பம் தலைமையாசிரியரின் நல்ல மனசை நம்ப வேண்டியிருந்தது.

நம் நாட்டில் ஆரம்பக் கல்வி கட்டாயமானது 2003 ஜனவரியில்தான். 1996 கல்விச் சட்டத்தில் சேர்த்த 29ஏ பிரிவின்படி, பிள்ளையை ஆரம்பப் பள்ளியில் சேர்க்காத, அங்கே தொடர்ந்து வைத்திருக்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தோட்டங்களுக்குப் பள்ளியைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்கும் பெற்றோருக்குப் பள்ளியைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்கும் இடையே ஏறக்குறைய 80 வருஷம். பிள்ளையின் உழைப்பு தேவைப்பட்ட காலம் முடிந்து, தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகுதான் தண்டனை வந்தது. வந்தபோது அது பெற்றோரின் தலையில் வந்தது.

மார்கழி லீவு, தை ஸ்கூல்

இன்றைக்கு வருவோம். பிள்ளையைப் பள்ளி நாளில் வெளியூருக்குக் கூட்டிப் போகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மலிவு விமானம் வந்த பிறகு திருச்சி ஒரு ராத்திரிப் பயணம்கூட இல்லை, நான்கு மணி நேரம். பள்ளி விடுமுறையில் டிக்கெட் விலை ஏறிவிடும், அதனால் லீவு இல்லாத வாரமாகப் பார்த்துப் போடுகிறார்கள். ஆசிரியர்கள் இதைப் பற்றிக் கோபமாகப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கோபம் நியாயமானது. 150 பேருக்குக் குறைவான 'குறைந்த மாணவர்' பள்ளிகள் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளம். எட்டுப் பேர் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர் ஒரு வாரம் இல்லையென்றால் கால் வகுப்பு காலி. அவர்கள் வந்த பிறகு மற்ற ஆறு பேருக்கும் பாடம் நிற்கும்.

ஆனால் காசு மட்டும் காரணம் இல்லை. நம் நாட்காட்டியும் பள்ளியின் நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. நாம் படித்த காலத்தில் நீண்ட விடுமுறை நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும். தமிழ்நாட்டில் அது வடகிழக்குப் பருவமழைக் காலம். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் கல்யாணம் இல்லை, புதுமனை புகுவிழா இல்லை. ஜனவரி தொடக்கத்தில் பள்ளி திறக்கும், நடுவில் தை பிறக்கும், வழி பிறக்கும், பத்திரிகைகள் வரிசையாக வரும். குலதெய்வத்துக்குப் பங்குனி உத்திரம், மாரியம்மனுக்கு ஆடி, எல்லாம் பாடம் மும்முரமாக நடக்கும் மாதங்கள். வருஷக் கடைசி லீவில் சரியாகப் பொருந்தி வந்தது சபரிமலை சீசன் ஒன்றுதான். 2022 முதல் மார்ச்சை ஒட்டித் தொடங்கிவந்த பள்ளியாண்டு 2026ல் மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. பழைய கணக்கும் திரும்பிவிட்டது.

இதற்காகத் தமிழருக்கென்று தனிப் பள்ளி நாட்காட்டி கேட்க முடியாது. பல இனம் வாழும் நாட்டில் எல்லாருக்கும் முழுதாகப் பொருந்துகிற நாட்காட்டி என்று ஒன்று இல்லை. கேட்கக்கூடியது வேறு. மூன்று நாள் பத்துமலைக்குப் போன பிள்ளை, ஒரு வாரம் தாத்தாவைப் பார்க்கத் தஞ்சாவூர் போன பிள்ளை, சிறப்புச் சலுகை டிக்கெட்டில் பாலிக்குப் போன பிள்ளை, வீட்டில் பஸ் காசு இல்லாமலோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ தங்கிவிட்ட பிள்ளை. பதிவேட்டில் நான்கு பேருக்கும் ஒரே குறி. நான்கு வீட்டுக்கும் போகும் 'சுராட் அமாரான்' எச்சரிக்கைக் கடிதத்தில் ஒரே வாசகம். முதல் மூன்று வீட்டிலும் பதில் எழுதத் தெரிந்த ஒருவர் இருப்பார். நான்காவது வீட்டில் அந்தக் கடிதம் பயத்தைத் தவிர வேறு எதையும் கொண்டுவராது. பிறகு பிள்ளை வருவதே நின்றுவிடும்.

தோட்டத்தில் மங்கு துடைக்கப் போன பிள்ளையின் உண்மையான வாரிசு இந்த நான்காவது பிள்ளை. சுற்றுலா போனவனைப் பற்றி நாம் போடும் சண்டையில் இவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோட்ட நிர்வாகம் எடுத்துக்கொண்ட நாட்களை யாரும் கேள்வி கேட்காதது போலவே, வறுமை எடுத்துக்கொள்ளும் நாட்களையும் யாரும் கேட்பதில்லை. கேட்கப்படுவது குடும்பம் தானாக முடிவெடுத்த நாட்கள் மட்டும்தான்.

அதனால் திருச்சிக்கு டிக்கெட் போடும் பெற்றோரிடம் ஒன்று சொல்லலாம். நம் தாத்தாக்கள் கிள்ளானில் கூலியோடு சேர்த்துப் பள்ளியையும் கேட்டு அடி வாங்கினார்கள், அந்த வகுப்பில் உங்கள் பிள்ளையின் இருக்கை சும்மா வந்ததில்லை. போகிற பயணம் அதற்கு ஈடானதா என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தாவைப் பார்ப்பது ஈடானது என்றுதான் எனக்குப் படுகிறது. பள்ளிகளிடம் சொல்ல வேண்டியது, வராத பிள்ளையின் வீட்டுக்குக் கடிதம் போவதற்கு முன்னால் ஓர் ஆள் போக வேண்டும் என்பது. ஏன் வரவில்லை என்று கேட்டு எழுத பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாக வேண்டும். நூறு வருஷமாக அந்தக் கட்டம் இல்லை.